திரும்பி வந்த மூன்று புத்தகங்கள்

ஒஹாயோவில் மென்பொருள் எழுதும் வேலையிலிருந்த ரோசலின், தொலைபேசியில் தன் தம்பி டுவைட்டின் குரலைக் கேட்டதுமே சீறினாள்.

"முதல்ல எந்தக் கம்ப்யூட்டர் மொழி படிக்கணும்னு நீதானேடா கேட்ட? பைத்தான் புத்தகம் அனுப்பினேன், திரும்பி வந்துச்சு. ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பினேன், அதுவும் வந்துச்சு. இன்னிக்கு சி புத்தகம் வாசல்ல கிடக்குது. துரைக்கு எந்த மொழிதான் பிடிக்கும்?"

"நான் எதையும் திருப்பி அனுப்பலக்கா."

"பிறகு தபால்காரனா அனுப்பினான்? 'மறுக்கப்பட்டது'ன்னு முத்திரை வேற. மேனேஜர்கிட்ட கெஞ்சி மார்ச் மாசத்துக்கு உனக்கு ஒரு வேலை பிடிச்சு வச்சிருக்கேன். ஒரு வரியாவது எழுதத் தெரியாம வந்து நின்னா என் மானம் போயிடும்."

"புரியுதுக்கா. இங்க எனக்கு ஒரு சீட்டுக் கொடுத்தாங்க. வாசிக்கிறேன், கேளு. 'இந்நூலில் சங்கேத எழுத்துகள் உள்ளன. பாதுகாப்பிற்கு ஆபத்து.' மூணு புத்தகத்துக்கும் இதே வரிதான்."

ரோசலின் பேசுமுன் பதிவு செய்யப்பட்ட குரலொன்று குறுக்கிட்டது: "மாநிலச் சிறைச்சாலையிலிருந்து வரும் இந்த அழைப்பு இன்னும் இரண்டு நிமிடங்களில் துண்டிக்கப்படும்."

அவளுடைய சீற்றம் தணியவில்லை. திசை மட்டும் மாறியிருந்தது.

"பென்சில் இருக்கா?"

"இருக்கு."

"பைத்தான்தான். மார்ச்சுல நீ வெளிய வர்ற வரைக்கும் வாரம் ரெண்டு தடவை கூப்பிடு. முதல் வரி சொல்றேன், எழுதிக்கோ."