ஒரு வருகைக்கு நாற்பது மரம்

விடியற்காலையில் தெப்ராவுக்குப் போய்ச் செடிகளை இறக்கிவிட்டு, பசியாறும் நேரத்துக்கெல்லாம் காஹாங்கில் இருக்கும் தன் நர்சரிக்குத் திரும்பிவிட்டார் சயீத். லாரியை விட்டு இறங்குவதற்குள் சபாபதி வந்து நின்றார்.

"பத்து ரம்புத்தான் கன்னு குடுங்க பாய்."

"போன வாரந்தான பத்து வாங்கினீங்க அண்ணே. தோட்டம் போடறீங்களா?"

"மகன் வரணும். மூணு தீபாவளியா வரல. பயணம் போனா அந்தப் புகையில பூமி கெட்டுப்போகுதாம். ஒரு தடவ வந்துபோக பத்து மரம் நடணும்னான். நட்டுப் படம் அனுப்பினேன். பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்களும் வர்றதுன்னா நாப்பதுன்னு சொல்லிட்டான். இந்தப் பத்தோட நாப்பது ஆச்சு. வீட்டுக்குப் பின்னால இடமில்ல, ஆத்தோரமா நடப்போறேன்."

கைப்பேசியை நீட்டினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். படத்தில், பனிமலைக்கு முன்னால் மகன் லோகேஸ்வரன் குடும்பத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"அவ்வளவு தூரத்துலருந்து பிளேன்ல வரணும்னா புகை ஜாஸ்திதான் லா" என்றார் சயீத்.

"இது லீவுக்குப் போனது பாய். அந்தப் புகைக்கு ஏதோ கம்பெனிக்குக் காசு கட்டிட்டானாம். அவங்க எங்கயோ மரம் நட்டுருவாங்களாம்."

"அப்ப அவர் வீடு எங்க?"

"தெப்ராவ்."

சயீத் கன்றுகளை எடுக்கத் திரும்பினார். காலையில் தெப்ராவுக்குப் போய்வந்த லாரியின் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை.