எதுவும் கேட்கக் கூடாது

பேராசிரியர் பேனா முனையால் மாரிக்கனியின் தாடையை நிமிர்த்தினார். "நீண்ட தாடை, தடிச்ச உதடு. எதுவும் கேட்கக் கூடாது. முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லணும்." மாணவர்கள் குனிந்து எழுதினார்கள். ஏழு வருடமாக இந்த மருத்துவ வகுப்பில் மாதிரி நோயாளியாக வந்து உட்காரும் அவளுடைய பெயரைக்கூட அவர் கேட்டதில்லை. அவள் பேனாவைத் தட்டிவிட்டாள்.

"உங்க மூஞ்சியக் காட்டுங்க சார். வந்ததுலேருந்து ஒரு தடவகூடக் கண்ணு சிமிட்டல. வார்டுல என் பக்கத்து பெட்டு அக்காவுக்குக் கை நடுக்க நோய் வர்றதுக்கு முன்னால மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு."

"வாயை மூடுடீ!" என்று கத்தினார். குரலில் இருந்த கோபம் முகத்தில் எங்குமே இல்லை.

மாணவர்கள் முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு, ஒருவர் பின் ஒருவராக, நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பினார்கள்.