புது மேசை

“நாளைன்னு ஒண்ணு இருக்கிறது உனக்கு ஞாபகமே வராதா?”

அண்ணன் இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. ஞாயிறு பள்ளியில் கொடுத்த மிட்டாயெல்லாம் ஆலய வாசலைத் தாண்டும் முன்பே அவள் வயிற்றுக்குள் போயிருந்தது. அண்ணன் தன் பங்கை மறுநாளைக்கென்று ஒளித்து வைத்து எறும்புக்கு விருந்து வைத்தார்.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு. அதே கேள்வி. ஆனால் இன்று அவர் கையில் இருந்தது கயிறு. தையல் மெஷினைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தார்.

“வண்டி வாசல்ல நிக்குது, பாப்பா. கடையைப் பூட்டு. உன் அண்ணி பின்அறையைக் கழுவி விட்டுட்டா. வந்து படு.”

“எனக்குத் தூக்கம் வரலையே அண்ணே.”

“விளையாடாதே. டாக்டர் மூணு மாசம்னு சொல்லி, அதுல ரெண்டு மாசம் ஓடியே போச்சு.”

“ஓடுறதை நான் ஏன் துரத்தணும்?”

அவள் கத்தரியை நிறுத்தவில்லை. கடையின் நடுவே நீளமாக ஒரு புது மேசை. இத்தனை வருடம் தரையில் மண்டியிட்டே துணி வெட்டியவள், போன வாரம்தான் நிமிர்ந்து நின்று வெட்டத் தொடங்கியிருந்தாள். மேசை தெரியாதபடி அதன்மேல் வெள்ளைத் துணி விரிந்து, நாலு பக்கமும் தொங்கியது.

“இவ்வளவு துணி எதுக்கு?”

“சர்ச் பாட்டுக்குழுவுக்கு அங்கி. இருபத்தி நாலு.”

“எப்ப குடுக்கணும்?”

“ஆறு மாசத்துல.”

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “மூணு மாசக்காரி ஆறு மாச வேலையை எடுத்திருக்கா! ஊரே சிரிக்கும்.”

“ஆறு மாச வேலையை யார் எடுத்தா? இன்னைக்கு ஒரு அங்கி வெட்டுறேன். அவ்வளவுதான் எடுத்திருக்கேன்.”

“ஆயத்தமா இருக்க வேண்டாமா? ஆண்டவர் எந்த நேரம் கூப்பிடுவார்னு யாருக்குத் தெரியும்?”

“கூப்பிடட்டும். கத்தரியோட போய் நிக்கிறேன். ‘ரெண்டு மாசம் குடுத்தேனே, என்ன பண்ணினே?’ன்னு அவர் கேட்டா, உன் வீட்டுப் பின்அறைச் சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லவா?”

அண்ணனுக்குக் காது சிவந்தது. அந்தக் காதில் எப்போதும்போல ஒரு சிவப்புப் பென்சில். சவப்பெட்டி செய்கிறவர் அவர். எதையும் முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஒருமுறை நெட்டையானவர் பெட்டியும் குட்டையானவர் பெட்டியும் வீடு மாறிப்போய், கல்லறைத் தோட்டத்தில் பெரிய ரகளையாகிவிட்டது. அன்றிலிருந்து, அளவெடுத்துச் செய்கிற பெட்டி எதுவானாலும், யாருக்கு, எத்தனை அடி என்று மூடியின் உட்பக்கம் எழுதாமல் விடமாட்டார்.

“உடம்பெல்லாம் நோய். வாய்க்கு மட்டும் வரலை உனக்கு.”

“தினமும் ஜெபத்துல என்ன கேக்கிறோம் அண்ணே? இன்னைக்குச் சாப்பாட்டை இன்னைக்குக் குடுன்னுதானே? மூணு மாசத்துக்கு மூட்டையா இறக்கிடுன்னா கேக்கிறோம்? அவர் குடுக்கிறதே இன்னைக்குங்கிற ஒண்ணுதான். அதையும் வேண்டாம்னு அவர் கையில திருப்பிக் குடுக்க என்னால முடியாது.”

“எனக்கே பிரசங்கமா? எல்லாருக்கும் நல்லதுன்னுதான் நான் ஒவ்வொண்ணையும் முன்னாடியே பாத்து வைக்கிறேன். அது யாருக்குப் புரியுது? பரண்ல பத்திரமா வெச்சிருந்த ஒரு பெட்டியை, நான் இல்லாத நேரம் பாத்து உன் அண்ணி யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டா. கேட்டா, ‘அவசரமா வேணும்னாங்க’ங்கிறா.”

“அண்ணிக்கு நல்ல மனசு.”

“அது வேற ஆளுக்குன்னு செஞ்ச பெட்டி!”

சொன்னவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

கோபத்தை எங்கே காட்டுவதென்று தெரியாமல் மேசையில் ஒரு குத்து விட்டார். மேசை லேசாக ஆடியது. தொழில் புத்தி விடுமா? துணியின் மேலேயே விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

“நல்ல மரமா இருக்கே!”

“மரம் முதல்தரம் அண்ணே. செஞ்சவர்தான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்.”

“அவசரப்பட்டா வேலை இப்படித்தான் பல்லை இளிக்கும். யாரு அந்தக் கத்துக்குட்டி?”

அப்போதுதான் அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

“குனிஞ்சு அடியில பாரு. பாத்துட்டு எழுந்து, அப்பவும் என்னைப் படுக்க வான்னு சொல்லு. மறுபேச்சு இல்லாம உன் வண்டியில ஏறுறேன்.”

“பேச்சு மாறக் கூடாது!”

“மாற மாட்டேன்.”

அண்ணன் முழங்காலிட்டு, தொங்கிய துணியை ஒதுக்கிவிட்டு, மேசைக்கு அடியில் தலையை நுழைத்தார். நுழைந்த தலை வெகுநேரம் வெளியே வரவில்லை. அவள் கத்தரியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள்.

மேசைப் பலகையின் உட்பக்கம், சிவப்புப் பென்சிலில், அவருடைய சொந்தக் கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘பாப்பா. ஐந்து அடி இரண்டு அங்குலம்.’

அண்ணன் எழுந்து, முழங்கால் தூசியைக்கூடத் தட்டாமல், கொண்டுவந்த கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.