கதவைத் தட்டிய முட்டை

பேட்டரி உருக்கும் பட்டறை பின்புறம் கொட்டிய ஈயத் துணுக்குகளைப் பொடிக்கல் என்று கொத்தித் தின்றதிலிருந்து, மரியபுஷ்பத்தின் கோழி கருப்பி ஓடில்லாத தோல்முட்டைதான் இட்டது. எலும்பு வலுவிழந்து காலும் வளைந்துபோனது.

“ஒன் கோழிக்குச் சீக்கு. அதுக்குப் பட்டறைய ஏன் இழுக்க?” என்றார் பட்டறை முதலாளி, அவள் போய் நியாயம் கேட்டபோது.

அவள் கருப்பியைப் பட்டறைப் பக்கமே விடாமல் பஞ்சாரத்தில் அடைத்து, கிளிஞ்சல் பொடியும் தவிடும் போட்டே மழைக்காலத்தைத் தள்ளினாள். இன்று காலை கருப்பி கால் ஊன்றி நின்று கொக்கரித்தது. வைக்கோலுக்குள் கையை விட்டாள். கெட்டி முட்டை. அதோடு நேரே பட்டறைக்குப் போய், இரும்புக் கதவை அந்த முட்டையாலேயே தட்டினாள். டொக், டொக்.

“யாருடா அது?” என்றது முதலாளியின் குரல்.

“கருப்பி வந்திருக்கா” என்றவள், முட்டையால் மறுபடியும் தட்டினாள்.