பின்மண்டை

"பென்சில் சீவுற மாதிரிதான் சார். மரக்கட்டை தானா கொஞ்சம் கொஞ்சமா சுத்தும், ஒவ்வொரு பக்கமா கத்தி இறங்கி செதுக்கும். ஒரு மாசமா இதுக்கு புரோகிராம் எழுதத்தான் கத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் அவள். "முகத்துக்கு போட்டோ இருக்கு. பின்மண்டைக்கு என்ன பண்றது?"

"அதை யாரும்மா பார்க்கப்போறா? வழவழன்னு விட்டுடு" என்றார் வந்தவர். இறந்துபோன அண்ணனுக்குத் தலைச்சிலை. "தூக்கத்துலயே மாரடைப்பு. நிம்மதியான சாவு."

ரோட்டரி மெஷினில் அவளுக்கு இதுதான் முதல் வேலை. சொதப்பினால் பழையபடி பேக்கிங் செக்‌ஷன்தான்.

சொதப்பியேவிட்டாள். புரோகிராமில் கத்தியை மேலே தூக்கச் சொல்லும் ஒரே ஒரு வரி விட்டுப்போனது. கத்தி மரத்துக்குள் இருக்கும்போதே கட்டை சுழன்றது. அவள் பாய்ந்து நிறுத்துவதற்குள், இடது காதுக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம்.

"முதல்ல தூக்கு, அப்புறம் சுத்துன்னு தொண்டை கிழியக் கத்தினேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் முதலாளியம்மா. "அந்த ஆள் வேற வந்துட்டார். நீயே போய்ச் சமாளி."

முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படியே அண்ணன்தாம்மா!"

பிறகு சிலையைத் திருப்பினார்.

"சார், மன்னிச்சிடுங்க, அது வந்து..."

அவர் காதில் எதுவும் விழவில்லை. விரல் அந்தப் பள்ளத்துக்குள் போய் நின்றது. முகம் வெளிறியது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உனக்கு யாரு சொன்னது? அந்த ரூம்ல நான் மட்டும்தானே இருந்தேன்?"