காத்திருக்கும் வட்டம்

கடைக்கு மேலிருக்கும் கூடத்தில் பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருக்கிறது. பெண்கள் வட்டமாகக் கைகொட்டி ஆடுகிறார்கள். தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பாத தோழியைத் தேடும் கதை. குனிந்து, நிமிர்ந்து, வா என்று விரல்களை மடக்கி அழைத்துவிட்டு, எல்லாரும் ஒரே பக்கம் திரும்பி நடக்க வேண்டும். திரும்புமுன் வட்டம் முழுவதும் ஒரு மூச்சு தயங்குகிறது. ஆடுபவர்களில் ஒருத்தியான தையல்காரியின் தங்கைக்குக் கால் கொஞ்சம் விந்தும். அந்த இடத்தில் எப்போதும் பின்தங்குவாள். அவளுக்காகக் காத்துக் காத்து எல்லாருடைய உடம்பும் அதற்குப் பழகிவிட்டது. அவள் செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது.

புதிதாக வந்திருக்கும் மேளக்காரர் அடிப்பதை நிறுத்துகிறார். “என்னம்மா, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க? நாளைக்கு மேடையில என் மானத்த வாங்கிடாதீங்க.” யாரும் சிரிக்கவில்லை. தையல்காரியின் பக்கத்தில் நிற்பவள் மெல்லக் கேட்கிறாள்: “நீ சொல்லுக்கா. அந்த இடத்துல நிக்கலாமா, நிக்காமப் போயிடலாமா?” தையல்காரி வியர்த்த உள்ளங்கையைப் புடவையில் துடைக்கிறாள். தங்கைக்கென்று மிச்சமிருப்பது இந்த ஒரு மூச்சுதான். “போயிடலாம்டி,” என்கிறாள்.

மேளம் எழுகிறது. விரல்கள் மடங்கி அழைக்கின்றன. பாதங்கள் பிசகாமல் ஒன்றாகத் திரும்புகின்றன. “ஆங், இதான்!” என்கிறார் மேளக்காரர். தங்கை இப்போது வந்தால் எல்லாருடைய முதுகும்தான் அவளுக்குத் தெரியும். தையல்காரி திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள்.