கடைசி ஃபிரேமில் எட்டு ஓட்டை

மெக்கானிக் மறுபடியும் எண்ணினார். எட்டுதான்.

எதிர்த் தூணுக்குப் போய் எண்ணினார். அங்கேயும் எட்டு. எல்லாம் வெளிப்பக்கம் பார்த்த ஓட்டைகள். ஒன்றிலும் போல்ட் இல்லை.

முப்பத்தைந்து வருஷம் லாரிக்கு அடியில் படுத்து எழுந்த மனிதர். போல்ட் இல்லாத ஓட்டையைப் பார்த்தால், யாரோ எதையோ மாட்ட மறந்துவிட்டார்கள் என்றுதான் அவருக்குப் படும். மறந்தது என்ன என்று தெரியாமல் மண்டை காய்ந்தது.

அவர் கட்டிக்கொண்டிருந்தது இரும்பு ஃபிரேம் வீடு. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. இரண்டு பக்கமும் சரிந்த கூரையோடு, தானியக் கிடங்கு மாதிரி ஒரே நீளம். முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம்.

தலா இரண்டு தூணும் மேலே கூரைச் சட்டமுமாக ஐந்து ஃபிரேமும் நிறுத்தியாகிவிட்டது. கடைசிப் பக்கத்துக்குத் தகடு அடித்தால் கூடு முடிந்தது. ஃபிட்டர் முதல் தகட்டைத் தூக்கித் தூணில் சாய்த்துவிட்டு, இவர் எப்போது எண்ணி முடிப்பார் என்று நின்றுகொண்டிருந்தார்.

ஓட்டை தொழிற்சாலையிலிருந்தே வந்தது, வரைபடத்திலும் இருக்கிறது என்று ஃபிட்டர் சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? ஓரத்து ஃபிரேமுக்கு இத்தனை கனம் தேவையே இல்லை, நடு ஃபிரேம் சுமக்கும் கூரையில் பாதியைத்தானே அது தாங்குகிறது, ஆனாலும் நடு ஃபிரேம் அளவுக்கே போட்டிருக்கிறார்கள் என்று இன்னொரு குண்டையும் போட்டார்.

மெக்கானிக் படத்தை வாங்கி நேராகப் பார்த்தார். தலைகீழாகப் பார்த்தார். ஓட்டை இருந்தது. காரணம் இல்லை.

வேறு எவனுடைய வீட்டையோ நம் தலையில் கட்டிவிட்டார்களா?

அப்படியும் சொல்ல முடியவில்லை. நீளம் சரி, அகலம் சரி. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரே ஒரு படுக்கையறை. அவர் சொன்னபடியேதான் இருந்தது.

அந்த ஒரே ஒரு படுக்கையறைக்காக மனைவி ஒரு மாதம் அவரோடு மல்லுக்கு நின்றாள். பிள்ளை வந்தால் எங்கே படுப்பான் என்று கேட்டாள். அவன் வரமாட்டான் என்றார் இவர். வந்தால் என்றாள். வரமாட்டான் என்றார்.

மூன்று வருஷம் முன்பு, இப்படி ஒரு வீடு கட்டப்போகிறேன் என்று சொந்தபந்தம் எல்லோரும் இருக்கும்போது அவர் வாய் திறந்தார். கட்டடப் படம் வரையப் படித்துவிட்டு வந்திருந்த பிள்ளை, இது வீடா மாட்டுக்கொட்டகையா என்று கேட்டான். மச்சினன் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, அந்தக் கொட்டகையில் உனக்கு இடமில்லை போ என்று சொல்லிவிட்டார்.

அவன் போய்விட்டான். எந்த ஊரில் இருக்கிறான், என்ன வேலை செய்கிறான் என்று இவர் கேட்டதில்லை. பல நாள் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கிறது. விழுங்கிவிடுவார். அவர் கேட்காததால் மனைவியும் சொல்லவில்லை.

இப்போது அவள் தகட்டுக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் நேராக அவளிடம் போய் போனைக் கேட்டார். படம் போட்ட ஆபீசுக்காரனை இரண்டு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்றார்.

அவருக்குக் காது மந்தம். பட்டறைச் சத்தத்தில் போன காது. அதனால் அந்த ஆபீசோடு ஆறு மாதமாகப் பேசிவந்தது அவள்தான். ஒரு கொட்டகையைப் பற்றி மணிக்கணக்காகப் பேச என்ன இருக்கிறது, நடுநடுவே என்ன சிரிப்பு என்று அவருக்குப் பிடிபட்டதே இல்லை.

நானே கேட்டுச் சொல்கிறேனே என்று அவள் இழுத்தாள். அவர் விடவில்லை. போனைப் பிடுங்கி, அவள் கடைசியாகப் பேசிய எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் எடுத்ததும் பிடிபிடி என்று பிடித்தார். யாரைக் கேட்டு ஓட்டை போட்டீர்கள், ஓரத்து ஃபிரேமுக்கு ஏன் இத்தனை கனம், மழை இறங்கினால் யார் பதில் சொல்வது என்று மூச்சு விடாமல் கேட்டார்.

 அந்தப் பக்கத்துக் குரல் நிதானமாக விளக்கியது. பின்னால் வீட்டை நீட்ட வேண்டி வந்தால் எதையும் உடைக்க வேண்டாமாம். தகட்டை மட்டும் கழற்றிவிட்டு, இன்னொரு ஃபிரேமை நிறுத்தி, இந்த ஓட்டைகளில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டால் ஓர் அறை கூடிவிடுமாம். புதுக் கூரையின் பாரமும் ஏறும் என்பதால்தான் அந்தக் கனமாம்.

மெக்கானிக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. இன்னோர் அறை வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன் என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

"நீங்க கேக்கலப்பா. நான்தான் கேக்கறேன்."

காதில் விழுந்தது. விழுந்தது புத்திக்கு ஏறுவதற்குள் அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

இந்தக் கொட்டகையை, ஒரு அங்குலம் பிசகாமல், அவனா வரைந்தான்?

 மெக்கானிக் தூணைப் பிடித்துக்கொண்டார். என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது.  தகடு அடிக்கலாமா என்று ஃபிட்டர் கையால் கேட்டார். இரு என்று இவரும் கையாலேயே சொன்னார்.

போனில் அவன் இன்னும் வைக்காமல் இருந்தான்.

மெக்கானிக் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"எட்டு போல்ட்டு தாங்குமாடா?"